மதினி குரல் கேட்க வாங்கின டப்பா

எனக்கு வயசு எழுபத்து நாலு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கூடுதலாக வந்த ரெண்டும் எங்க அண்ணன் பிள்ளைகள். விளாத்திகுளத்துக்கு அங்கிட்டு இருக்கிற அவிய ஊரில் அப்போது பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் கோவில்பட்டியில் என் வீட்டில் இருந்து படிச்சதுகள். ஆறு பேருக்கும் ஒரே பானையில்தான் சோறு. எது நான் பெற்றது, எது பெறாதது என்று பக்கத்து வீட்டுக்காரிக்கே ரொம்ப காலம் தெரியாது. இதை நான் பெருமையாகவே சொல்லுவேன். பெருமையாகச் சொல்ல இது போக என்னிடம் ரெண்டு மூணுதான் இருக்கு. அதில் ஒண்ணு என் காது.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டாச்சு. முழங்காலுக்குத் தைலம் இல்லாமல் முடியாது. காது மட்டும் வாங்கினபடியே இருக்கு. பால்காரர் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே நான் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவேன்.

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் படிச்சவள் நான். எழுதிவிடுவேன். எழுதினதை நானே வாசிக்கத்தான் பொழுது விடிஞ்சு அடைஞ்சு போகும். அவசரம் ஒண்ணும் இல்லை. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்.

அண்ணன் போய்ச் சேர்ந்தாச்சு. மதினி, அண்ணன் பெண்சாதி, ஊரில் மகன் வீட்டில் இருக்காவ. நான் வளர்த்த ரெண்டில் இளையவன் அவன். அவன் அம்மைக்கு ஒரு தொடுபோன் வாங்கிக் கொடுத்தான். மதினிக்கு என் அளவுக்குக்கூட எழுத்து தெரியாது. மைக் படத்தை அமுக்கிப் பேசினால் போய்ச் சேரும் என்று மருமகள் சொல்லிக் கொடுத்திருக்காள். அன்று முதல் எனக்கு மதினியின் வாய்ஸ் வர ஆரம்பித்தது.

அதில்தான் வந்தது வினை. மதினி நேரே போன் போட்டுப் பேசினால் குரல் கணீர் என்று இருக்கும். "ஏட்டி, சாப்பிட்டியா? அங்கன மழை உண்டா? இங்கன ஒரு பொட்டு இல்ல" என்று தெருவே கேட்கிற மாதிரிப் பேசுவாவ. அதே மதினி அனுப்புகிற வாய்ஸைப் போட்டால் ஒண்ணுமே தெரியாது. ஓலையில் காத்து உரசுகிற மாதிரி இருக்கும். போனைக் காதுக்குள் திணிச்சுப் பார்த்தேன். கதவை அடைச்சிட்டுக் கேட்டேன். எங்க வீடு ரோட்டுமேல் இருக்கு. லாரி போகிற சத்தத்தில் அந்த ஓலைச் சத்தமும் போச்சு.

மறுபடி நேரே பேசும்போது மதினி கேட்பாவ. "நான் அனுப்புனதக் கேட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்" என்பேன்.

"அப்ப சரிதான?"

"சரி மதினி. பாப்போம்."

கேட்கலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்தான். ஆனால் மதினியை எனக்குத் தெரியும். "காது போச்சுட்டி உனக்கு" என்று கழுகுமலையில் இருக்கிற சொந்தம் வரைக்கும் சொல்லிவிடுவாவ. அதனால் கேட்டேன் என்றே சொல்லிக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நாளில் மதினி பேச்சு குறைஞ்சது. கடைசியாக ஒரு வாய்ஸ் வந்தது. ரொம்பச் சின்னது. ஒரு பெருமூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நான் போன் போட்டால் மகன்தான் எடுப்பான். "அம்மா மாவு அரைக்கா அத்தை", "அம்மா படுத்திருக்கா அத்தை" என்பான். மதினி என்மேல் முகம் கோணியாச்சு. எதற்கு என்று எனக்குத் தெரியாது. எதற்கு என்கிறது அந்த வாய்ஸ்களுக்குள் இருக்கு. அது எனக்குக் கேட்க மாட்டேன் என்கிறது.

காலேஜில் படிக்கிற பேத்தியிடம் கடைசியில் சொன்னேன். அவள் ஒண்ணைப் போட்டுக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சவுண்டு முழுசும் வச்சாச்சு ஆச்சி. பெரிய ஆச்சி காத்தோட பேசுதாவ."

"உனக்கும் கேக்கலியா?"

"இல்ல."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இருபது வயசுக் காதுக்கும் கேட்கலை! அப்படியானால் கோளாறு என்னிடம் இல்லை.

பெரிய மகன் ஒரு காலத்தில் கீபோர்டு வாசிக்கப் போகிறேன் என்று திரிஞ்சான். அப்போது வாங்கின ஹெட்போன் ஒண்ணு பீரோவில் துண்டில் சுத்திக் கிடந்தது. இட்லிச் சட்டி மூடி மாதிரி ரெண்டு காதையும் அடைக்கும். ரோட்டுச் சத்தம் உள்ளே வராது. அதைப் போனில் மாட்டினால், உள்ளே இருந்த சத்தமும் இல்லாமல் போச்சு. முன்னைவிடக் குறைவு.

"இதுக்குச் சத்தத்தக் கூட்டித் தர ஒரு ஆம்ப் வேணும் ஆச்சி" என்றாள் பேத்தி.

"அது என்ன விலை?"

"பைக் விலைக்கும் இருக்கு, செருப்பு விலைக்கும் இருக்கு."

"செருப்புப் பக்கமாப் பாரு." மகன்மாரிடம் நான் கேட்கிறது இல்லை. மாசம் வருகிற முதியோர் பணத்தில் மிச்சம் பிடிச்சதில் அடங்கணும்.

அதன் பிறகு சாயங்காலம் ஆனால் எங்களுக்கு அதுதான் வேலை. வாங்கினவர்கள் எழுதி வைத்ததைப் பேத்தி போனில் வாசிப்பாள். நான் கேள்வி கேட்பேன்.

"இது சூடான சத்தமாம் ஆச்சி."

"தொட்டாச் சுடுமோ?"

"டப்பா இல்ல, சத்தம் சூடு. அப்படித்தான் எழுதியிருக்கான். இன்னொண்ணுல பாட்டுக்கு நடுவுல நெறைய இடம் இருக்குமாம்."

"எத்தன செண்டு வரும்னு கேளு."

"சும்மா இருங்க ஆச்சி. இதப் பாருங்க, இதுல பின்னணி கருப்பா இருக்காம்."

"சத்தத்துக்குப் பின்னால கருப்பா? கருப்பா இருந்தா கொறையா, நெறையா?"

அவள் யோசிச்சாள். "நெறைதான் போல. அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கான்."

எனக்கு அது மனசில் மாட்டிக்கொண்டது. சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. சத்தத்துக்கு நிறம் எங்கே இருந்து வந்தது? யாரோ முகம் தெரியாதவன் ஒரு டப்பாவைக் கேட்டுவிட்டு கருப்பு என்று எழுதினால், அவன் எதைக் கேட்டிருப்பான்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் சந்துக்குள் ஒரு கடை. போன் ரிப்பேரும் பார்ப்பார்கள், பாட்டுக் கேட்கிற சாமானும் விற்பார்கள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி என் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஆச்சி, இது பெரிய சாமான். நம்ம கரிசக்காட்டு போர்க்கெணறு மாதிரி, தண்ணி ஆழத்துல கெடக்கு. உங்க போன்ல உள்ளது அரைக் குதிரை மோட்டார். எப்படி இழுக்கும்?"

"அப்ப மோட்டார மாத்தணுமோ?"

"வேண்டாம். நடுவுல இன்னொரு சின்ன மோட்டார் வச்சாப் போதும்."

இது எனக்கு ஒரே தடவையில் விளங்கிச்சு. உங்க விலைக்கு மூணு இருக்கு என்று மேசைமேல் எடுத்து வைத்தான். முதலாவதில் நீல விளக்கு எரிஞ்சது, திருகுகிற குமிழ் இருந்தது. மேளமும் தாளமுமாக ஒரு பாட்டைப் போட்டான். காது கிழிஞ்சது.

"இத நிப்பாட்டு தம்பி. கத்துறவன எதுல போட்டாலும் கேக்கும். நான் கொண்டாந்தத போடு" என்று மதினியின் முதல் வாய்ஸைக் கொடுத்தேன். "தொடக்கம் மட்டும் போடு. வீட்டு விசயம்."

குரல் முன்னைவிடப் பெரிசாக வந்தது. கூடவே வேறொண்ணும் வந்தது. நிப்பாட்டச் சொல்லிவிட்டும் நான் ஹெட்போனைக் கழற்றலை.

"பேச்சு நின்ன பொறகும் உள்ள எண்ணெ காயுதே, அது என்ன?"

அவன் வாங்கிக் கேட்டான். "லேசா இரைச்சல் இருக்கு ஆச்சி. பாட்டுப் போட்டாத் தெரியாது."

"எனக்குப் பாட்டு வேண்டாம்லா. நான் கேக்கப் போறதே அந்த எண்ணெச் சத்தத்துக்குக் கீழ கெடக்கு."

ரெண்டாவது, ஒயர் நுனியில் விரல் தண்டிக்கு ஒண்ணு. அதுதான் விலை குறைவு. தெளிவாக இருந்தது, தெம்பு இல்லை. சொம்பில் கால்வாசி தண்ணி வந்த கதை.

மூணாவது தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. விளக்குக் கிடையாது, மினுக்குக் கிடையாது. விலை முன்ன சொன்ன ரெண்டுக்கும் நடுவில். மாட்டினான். வாய்ஸைப் போடுவதற்கு முன்னால் கையைக் காட்டி நிப்பாட்டினேன்.

"இப்ப இது ஓடுதா?"

"ஓடுது ஆச்சி."

ஒண்ணும் கேட்கலை. எண்ணெய் காயலை, ஈ பறக்கலை. அந்த ஒண்ணுமில்லாததைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கருப்பு என்று அவன் எழுதினது அப்போதுதான் எனக்குப் புரிஞ்சது. பருத்தி வெடிச்ச காலத்தில் ரோட்டில் இருந்தே ஒரு சுளை தெரியும். அடியில் இருக்கிற மண் கருப்பு, அதனால் தெரியும். அதே சுளை வெள்ளை மணலில் கிடந்தால் மிதிச்சுவிட்டுப் போவோம்.

"இப்பப் போடு" என்றேன்.

முதலில் மதினி குரல் வரலை. மதினி வீடு வந்தது. குழாயில் தண்ணி விழுந்தது. யாரோ பாத்திரம் விளக்கினார்கள். ஒரு கோழி கொக்கரிச்சது. அதற்கு இப்பால், என் காது ஓரத்தில் வாயை வச்ச மாதிரி மதினி:

"ஏட்டி, யார்ட்டயும் சொல்லிராத."

சட்டென்று கழற்றிவிட்டேன். "இதையே கட்டிக் குடு தம்பி."

"முழுசும் கேக்கலியே ஆச்சி?"

"வீட்டுல போய்க் கேட்டுக்கிடுதேன்."

வீட்டுக்கு வந்து பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்து பழசில் இருந்து புதுசு வரைக்கும் வரிசையாகக் கேட்டேன்.

"எனக்கு உன் வீட்டுல வந்து கொஞ்ச நாள் இருக்கணும்னு இருக்குட்டி. இங்கன ஒரு கொறையும் இல்ல. மருமக தங்கம். அதான் சொல்ல முடியல. உக்காருங்க, படுங்க, நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிச் சொல்லியே என்னைய மூலைல வச்சிட்டா. பகல் முழுக்கப் பேச ஆள் இல்ல. நானாக் கெளம்புனா அவ மனசு நோகும், ஊரும் மாமியார வெரட்டிட்டாம்பாவ. கூப்பிடாம வந்து நிக்கவும் எனக்கு வராது. நீயா வந்து கூப்பிட்ட மாதிரி வந்து கூப்பிடு."

மருமகள் பாத்திரம் விளக்குகிற சத்தம் இருக்கிற வரைக்கும் பேச்சு ஓடும். அந்தச் சத்தம் நின்றால் மதினியும் நிப்பாட்டுவாவ. மறுபடி பாத்திரம் உருள ஆரம்பிச்சால் மதினியும் ஆரம்பிப்பாவ. இதுதான் அந்த ஓலைச் சத்தத்துக்குக் காரணம். மிஷின் கோளாறும் இல்லை, காதுக் கோளாறும் இல்லை.

அடுத்ததில், "சரின்னு சொன்னல்லா, சேலையெல்லாம் பைல எடுத்து வச்சிட்டேன். எப்ப வார?" அதற்கடுத்ததில், "பருத்தி எடுப்பும் முடிஞ்சிட்டு. இப்ப வந்தாத் தோதா இருக்கும்." கடைசியில் அந்தப் பெருமூச்சு. அதற்குப் பின்னால் எனக்குக் கேட்காமல் போனது இது:

"சரிட்டி. உனக்கு என்ன சங்கடமோ. பையப் பிரிச்சிட்டேன்."

நான் பேத்தியிடம் ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில் தலையைச் சீவி, கடம்பூர் போளி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் என்ன சொல்லிக் கூப்பிடலாம் என்று யோசனை. வீட்டில் விசேஷம் என்றால் பத்திரிகை எங்கே என்பான் மதினி மகன். கோயிலுக்கு என்றால் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடு என்பான்.

மதினி கூடத்தில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டு இருந்தாவ. நிமிர்ந்து பார்த்தாவ, வா என்று சொல்லலை.

"வழி தெரிஞ்சுட்டாக்கும்."

"வாங்க அத்தை" என்று மகன் ஓடி வந்தான். மருமகள் மோர் கொண்டுவந்தாள்.

"ஏலே, உங்கம்மைய என்னோட அனுப்பு. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"என்ன அத்தை, திடீர்னு?"

மதினி கை காம்பிலேயே நின்றுபோச்சு. மருமகள் முகம் சுருங்கினது. என்ன குறை வச்சேன் என்று அவள் கேட்பதற்குள் ஏதாவது சொல்லணும். பஸ்ஸில் யோசிச்சது ஒண்ணும் வாயில் வரலை. வந்தது இதுதான்:

"எனக்குக் காது போச்சுலே. பேத்தி காலேஜு போயிருதா, மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருதாவ. வாசல்ல யாரு வந்து கூப்பிட்டாலும் தெரிய மாட்டேங்கு. தனியாக் கெடக்கப் பயமா இருக்கு."

சொல்லும்போது நெஞ்சு எரிஞ்சது. என் வாயால், என் காதை.

"நான் அப்பவே சொன்னேன்லா!" மதினி கூரை இடிகிற மாதிரிச் சத்தம் போட்டாவ. "என்ன சொன்னாலும் ஆங், சரிம்பா. ஒரு எழவும் கேட்டிருக்காது!"

"பாவம், அவிய தனியாக் கெடக்காவ. நீங்க போய்த் தொணைக்கு இருந்துட்டு வாங்க அத்தை" என்று மருமகளே மதினியிடம் சொன்னாள். பை எடுக்க உள்ளே போன மதினி, நான் மோர் குடிச்சு முடிப்பதற்குள் வெளியே வந்து நின்னாவ. பிரிச்சேன் என்று சொன்ன பையை முழுசாகப் பிரிச்சிருக்க மாட்டாவ போல.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினி என் பக்கம் சாய்ஞ்சு, பழக்கம் விடாமல் சின்னக் குரலில் கேட்டாவ. "நெசமாவே காது போச்சாட்டி?"

"பாத்திரம் வெளக்குற சத்தம் நின்னா நீங்க பேச்ச நிப்பாட்டுவீய. பாத்திரம் உருண்டா மறுபடி ஆரம்பிப்பீய. அம்புட்டுத்தான் கேட்டுது."

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாவ. ரொம்ப தூரம் போன பிறகு என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

நான் செவிடு என்கிற செய்தி கழுகுமலை வரைக்கும் போயாச்சு. யார் போன் போட்டாலும் கத்துகிறார்கள். காதில் வைக்கிற மிஷின் வாங்கித் தரட்டுமா என்று பெரிய மகன் கேட்டான். வேண்டாம், என்னிடம் ஒரு டப்பா இருக்கு என்று சொன்னேன். அந்த டப்பா இப்போது மதினி மடியில் கிடக்கு. இட்லிச் சட்டி மூடி ரெண்டும் அவிய காதில். தான் அனுப்பின வாய்ஸைத் தானே போட்டுக் கேட்டுவிட்டு, "ஏட்டி, எங்க வீட்டுக் கோழிதான், எம்புட்டு நல்லாக் கேக்கு!" என்று அதிசயப்படுகிறாவ. இதை எழுதட்டுமா என்றதற்கு, "எழுது, ஆனா எம் பேரப் போடாத" என்றாவ. போடலை.

பேத்தி இப்போதுதான் காலேஜில் இருந்து வந்து கை கால் கழுவுகிறாள். ஏட்டி, துண்டைக் கீழ போட்டுட்டு இங்கன வா. இத முதல்ல இருந்து வாசி பாப்போம். பெரிய ஆச்சி காதுல உள்ளதக் கழத்தச் சொல்லு. முணுமுணுன்னு வாசிக்காத, நல்லாச் சத்தமா வாசி. இந்த வீட்டுல யாரும் கொரலத் தணிக்க வேண்டியது இல்ல.