கடலோரத்தில் ஓர் ஏற்றம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீடுகளில் அம்மாவைக் கேலி செய்ய நினைக்கிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அம்மா வரும்போது, "பார்த்து வாங்க, கடலோரத்து ஏத்தமா இருக்கப் போகுது" என்று யாராவது சொன்னால் போதும். நாலு வாசல்களிலிருந்தும் சிரிப்புக் கேட்கும். அம்மாவும் குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சேர்ந்து சிரிப்பார். இந்தக் கேலியைத் தோட்டம் முழுவதும் பரப்பிய புண்ணியவதி நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பா அந்த வருடம் ஓர் உல்லாசப் பயணக் கப்பலின் சலவைப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தார். ஒன்பது மாத ஒப்பந்தம். ஐந்து மாதம் முடிந்திருந்த நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. கப்பல் திருகோணமலைக்கு வருகிறதாம். காலையில் வந்து மாலையில் போய்விடுமாம். கூட வேலை செய்யும் ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம் முறை மாற்றிக்கொண்டு, அப்பா அன்றைக்குப் பகலில் வெளியே வரலாமாம். கொட்டகலைப் பக்கத்திலிருந்து திருகோணமலைக்குப் போகவே முழுப் பகல் வேண்டும். அவர் வீட்டுக்கு வந்து போக முடியாது, நாங்கள்தான் மலையிறங்க வேண்டும்.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு பயமும் சேர்ந்தே வந்தது. அப்பா போனில் விளக்கியதை அம்மா சத்தமாகத் திருப்பிச் சொல்ல, நான் பக்கத்திலிருந்து கேட்டேன். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் ஊர் பார்க்கப் போகிற பயணிகள் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். தங்கள்பாட்டுக்குச் சுற்றப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. "வேலைக்காரவங்களுக்காக நிக்கவே நிக்காது புள்ள. மூணு மணிக்கு வாசல்ல பேரு பதியணும். பிந்துனா அதோட சரி" என்றார் அப்பா. ஒப்பந்தம் முறிந்தால் பிறகு எந்தக் கப்பலும் ஏற்றாது. அவரை அனுப்பி வைப்பதற்காக ஒரு வருடம் ஏறி இறங்கிய அலுவலகங்களின் படிகளெல்லாம் அம்மாவுக்கு ஞாபகம் இருந்தன.

ஆகவே அம்மா திட்டம் போட உட்கார்ந்தார். அதுவரை கடலைக் கண்ணால் கண்டிராதவர் அவர். ஆனாலும் கொட்டகலை பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை குச்சவெளிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருபவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுற்றினால் கூட்டமும் கடையும்தான், புல்மோட்டை பஸ்ஸில் ஏறிக் குச்சவெளிக்குப் போங்கள், மனிதர்கள் கடலோடு இருப்பதைப் பார்க்கலாம், திரும்பும் வழியில் நிலாவெளியில் இறங்கிக் குளிக்கலாம் என்று அவர்தான் வழி சொன்னார். தூரமான ஊருக்கு முதலில், கிட்டின ஊருக்குப் பிறகு, அப்போதுதான் நேரம் கையை விட்டுப் போகாது என்றும் சொன்னார்.

என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அம்மாவுக்கு ஒரு நாளைப் பிரிக்க ஒரே முறைதான் தெரியும். விடிந்ததும் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டு, அதன்பிறகு காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை என்று கொழுந்து நிறுக்கும் நேரங்கள். கடலுக்கும் அதையே வைத்தார். "பெரட்டு: துறைமுக வாசல், எட்டு மணி. காலை நிறுவை: குச்சவெளி. பகல் நிறுவை: நிலாவெளி. ஒன்றரைக்கு நிலாவெளியில் பஸ். ரெண்டேகாலுக்குத் திரும்பவும் வாசல்." முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்தது. அது போதுமா என்று மூன்று இரவுகள் யோசித்து, போதும் என்று முடிவு செய்தார்.

முன்பு அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்துவிட்டு, பிறகு திருகோணமலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா ஒருவர் இருந்தார்; முதல் நாளே போய் அவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் எட்டு மணிக்கு அப்பா வாசலைத் தாண்டி வந்தார். வெளுத்திருந்தார். கைகள் மட்டும் சிவந்து தோலுரிந்திருந்தன. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். மூன்று வயதுத் தம்பிதான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அப்பா முட்டிபோட்டுக் கை நீட்டினார். அவன், "இந்த மாமா யாரு?" என்று அம்மாவிடம் கேட்டான். அப்பா சிரித்தபடியே எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். தட்டுவதற்கு அங்கே மண் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

பஸ் வழியெல்லாம் வலது பக்கம் கடல் தெரிந்து மறைந்து தெரிந்தது. பாதை பலகை மாதிரி மட்டமாக, நேராகக் கிடந்தது. ஹட்டன் பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கும் எனக்கு, வளைவே இல்லாத பாதை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்காமல் போனில் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டரிடம் எத்தனை நேரமாகும் என்று கேட்டார். "முக்கால் மணித்தியாலம் அக்கா, அங்கிட்டும் அதுதான் இங்கிட்டும் அதுதான்" என்றார் அவர்.

குச்சவெளியில் இறங்கி நடந்தால் வள்ளங்கள், காயும் வலைகள், கருவாட்டு மணம். கரைக்குப் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருந்த ஒரு பெண் எங்களுக்கு நிழலில் பாய் போட்டுக் கொடுத்தார். அம்மா கட்டிக்கொண்டு வந்த ரொட்டியையும் சம்பலையும் பிரித்தார். அப்பா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார்.

"என்னங்க, தெனமும் பாக்கிறதுதானே?" என்றார் அம்மா.

"நான் எங்க பார்த்தேன்? லோன்றி இருக்கிறது கப்பலுக்கு அடியில. ஜன்னல் கிடையாது. அஞ்சு மாசத்துல இன்னைக்குத்தான் ஒழுங்கா பாக்குறேன்."

கடலிலேயே வேலை செய்கிற மனுஷன் கடலைப் பார்க்கவில்லை என்பது எனக்கு நல்ல பகிடியாகப் பட்டது. விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை.

பதினொரு மணியளவில் பெரிய காரியம் ஒன்று நடந்தது. அலைக்குப் பயந்து ஓடி வந்த தம்பி, கால் போன போக்கில் வந்து, அப்பாவின் மடியில் விழுந்தான். விழுந்தவன் எழவில்லை. அப்பா ஒரு நண்டைப் பிடித்துக் காட்டினார். இன்னொன்றைக் காட்டினார். மூன்றாவது நண்டுக்கு அவன், "அப்பா, அது ஓடுது" என்றான். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தோளிலேயே வாயைத் திறந்து தூங்கிப்போனான். அப்பா தோளை அசைக்காமல் சிலை போல இருந்தார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டேகால். சற்று முன் அம்மாவின் போனில் நான் பார்த்தது பதினொன்றேகால்.

"அப்பா, ஒங்க மணிக்கூடு பிழை."

"பிழை இல்ல புள்ள. இது கப்பல் நேரம். ஒரு மணி நேரம் முன்னுக்கு ஓடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மாகிட்ட சொல்லாத. தெரிஞ்சா நிம்மதியா சாப்பிட மாட்டா."

எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் ஒரு ரகசியம் கிடைத்ததில் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் ரகசியம் என்பது பத்து வயதில் வாயில் போட்ட தேங்காய்ப்பூ மிட்டாய் போன்றது, கரையாமல் இருக்காது. அம்மா ரொட்டிப் பாத்திரத்தைக் கழுவ எழுந்தபோது நானும் பின்னால் போனேன். நான் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்தேன். "அம்மா, அப்பா கையில பன்னெண்டேகால், ஒங்க போன்ல பதினொன்னேகால். ரெண்டுல எது சரி?"

அம்மா பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்தினார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா தம்பியின் தலையில் பட்ட வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டுமே சரிதான்" என்றார் அம்மா. அந்தப் பதிலில் எனக்குத் திருப்தி இல்லை.

பாத்திரத்தைத் துடைத்துப் பையில் போட்டவர் உட்காரவே இல்லை. பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். "கெளம்புங்க, நேரமாச்சு" என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இப்பவேவா? ஒன்னோட திட்டப்படி இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கே. நிலாவெளி வேற இருக்கு. பையன் தூங்குறான் பாரு."

"வர்றப்ப சரசரன்னு வந்துட்டோம். போறப்ப ஏத்தமா இருக்கும். பஸ் மெதுவாத்தான் ஏறும்."

கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இஞ்ச எங்க தங்கச்சி ஏத்தம்? இது கடல்கரை றோட்டு. முட்டையை வெச்சாலும் உருளாது."

"இல்லக்கா. கீழ வர்றதுக்கு ஒரு நேரம்னா மேல போறதுக்கு ஒன்றரை மடங்கு ஆகும். எங்களுக்குத் தெரியாதா?" அம்மா அசையவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மலையில் ஹட்டனுக்கு இறங்குவதற்கும் ஏறுவதற்கும் உள்ள கணக்கைக் கொண்டுவந்து கடலோரத்தில் போட்டுக் காட்டுகிறாரே, கண்டக்டர் காலையில் சொன்னது காதில் விழவில்லையா என்று அழுகை வந்தது. ஒரு மணி நேரம் காத்து நின்றுதான் பஸ் கிடைத்தது. நிலாவெளியில் இறங்கவே இல்லை. சிப்பி பொறுக்கக் கொண்டுபோன வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பஸ் ஒரே வேகத்தில் போய், முக்கால் மணி நேரத்தில் எங்களை இறக்கிவிட்டது.

துறைமுக வாசலை அடைந்தபோது அம்மாவின் போனில் மணி ஒன்று பத்து. "எங்கம்மா ஏத்தம்?" என்றேன் நான், வேண்டுமென்றே உரக்க. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வாசலில் நின்ற காவல்காரர் அப்பாவின் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அப்பா எங்களுக்குச் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னார். இன்னும் ஐம்பது நிமிடத்தில் கப்பல் ஆட்களின் பட்டியலை மூடிவிடுவார்களாம். கப்பலில் மணி இரண்டைத் தாண்டிவிட்டதாம்.

அப்பா போனில் சொன்ன மூன்று மணி கப்பல் மணி என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திட்டப்படி நடந்திருந்தால் இந்த நேரத்தில் நாங்கள் நிலாவெளியில் குளித்துக்கொண்டிருந்திருப்போம். அம்மாவின் மடத்தனம்தான் அப்பாவைக் காப்பாற்றியிருந்தது. அம்மா வாசல் மதிலோரம் உட்கார்ந்து, "அப்பாடா" என்று நீளமாக மூச்சு விட்டார். எனக்கும் உடம்பே லேசானது போல இருந்தது. அரை மணி நேரம் அந்த மதில் நிழலில் நால்வரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அம்மா அப்பாவின் கையைத் தன் மடியில் வைத்து, தோலுரிந்த இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவினார். ஊரிலிருந்தே குப்பியில் கொண்டு வந்திருந்தார்.

தம்பியை இறக்கிக் கொடுத்தபோது அப்பா அம்மாவையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கப்பலைப் பார்ப்பது போலப் பாவனை செய்தேன்.

"ஏத்தந்தான் போல" என்றார் அப்பா.

"ஆமாங்க. நாலு மாசம். மெதுவா ஏறிடலாம்" என்றார் அம்மா.

அவர் உள்ளே போனார். சற்றுப் பிந்தி, வேறு கப்பல் ஆட்கள் இரண்டு பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததைப் பார்த்து நானும் அம்மாவும் வாய்விட்டுச் சிரித்தோம். ஊருக்கு வந்த மறுநாள் அம்மா தோட்டத்துக் கோயிலில் தேங்காய் உடைத்தார். நான் லயம் லயமாகப் போய் அம்மா கடலோரத்தில் ஏற்றம் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். அப்பாவின் கடிகாரத்தை மட்டும் கதையில் சேர்க்கவில்லை, வாக்கு வாக்குத்தானே.

நாலு மாதம் கழித்து அப்பா ஒப்பந்தத்தை முடித்து, கைநிறைய நற்சான்றுப் பத்திரங்களோடு தலைநிமிர்ந்து லயத்துக்கு வந்தார். தம்பி ரோட்டிலேயே போய்க் காத்திருந்து, "எங்கப்பா" என்று எல்லோருக்கும் காட்டினான். பிறகு அவர் கப்பலுக்குப் போகவில்லை. இப்போது கொட்டகலையில் சலவைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு இரண்டு ஜன்னல்கள்.

போன மாதம் நானும் அம்மாவும் கடைக்குப் போய்விட்டுக் குறுக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தோம். என் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த ஓர் இடத்தில், "மூச்சை விட்டு நட, இங்க லேசா ஏத்தம்" என்றார் அம்மா. பத்து அடி போனதும் எனக்கு மூச்சு வாங்கியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். இருபது வருடங்கள் கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலையேறிய கால்கள் அவை. எது ஏற்றம், எது மட்டம் என்று அந்தக் கால்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டதற்கும் அவர் பாயைச் சுருட்டியதற்கும் இடையில் ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை என்பது அத்தனை வருடங்களுக்குப் பிறகு, நடுப்பாதையில், எனக்கு உறைத்தது.

தோளில் பிள்ளை தூங்கும் மனுஷனிடம், கப்பலை விட்டுவிடப் பார்க்கிறீர்களா என்று அம்மா கேட்கவில்லை. தான் மடச்சியாகிக்கொண்டு அவரைக் கூட்டிப் போய் வாசலில் சேர்த்துவிட்டார். அந்தக் கேலியை இத்தனை காலம் தண்ணீர்க் குடத்தோடு சேர்த்துச் சுமக்கவும் செய்தார்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் யார் அந்தக் கதையை எடுத்தாலும் அப்பா சிரித்ததே இல்லை. தேத்தண்ணி கொதிக்கிறதா பார்க்கிறேன் என்று எழுந்து உள்ளே போய்விடுவார். அப்பாவுக்குப் பகிடி புரிவதில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.