சோப்புக்காரி வீட்டு டீசல் வண்டி

ஆஸ்பத்திரியில் மனைவிக்குத் துணையாக இருந்த அவளுடைய தங்கை போன் செய்தபோது ஓட்டுநர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "மாமா, டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார். வர வேண்டியவங்க சீக்கிரம் வந்துடட்டும்னு சொல்றார்" என்றாள். குரலில் அழுகை இல்லை. வாயைக்கூடச் சரியாகக் கொப்பளிக்காமல் சாவியை எடுத்தார். மகள் செருப்பைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து ஏறினாள்.

வண்டி முதல் திருப்பலிலேயே உறுமியது. கேட்டைத் தாண்டியது. தெருமுனையை எட்டும் முன் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. அதன்பிறகு எத்தனை தரம் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

ஆலைக்கு வேலையாட்களை ஏற்றி இறக்கும் வாடகை வண்டி அது. வண்டியும் அவரும் ஒன்றாகவே நரைத்தவர்கள். நடுவழியில் யாரையும் இறக்கிவிட்டதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே பெருமை. இன்று ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரப் பாதை இருந்தது.

மகள் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இன்ஜினியர். பதற்றத்தில் அதிகம் பேசாதவள். "வேற வண்டி கூப்பிடறேன்" என்றாள்.

"கூப்பிடு. அது வர்றதுக்குள்ள நானும் பார்க்கறேன். நீ பின்னாடி போய் புகை வருதான்னு பாரு."

அவர் திருப்பினார். அவள் சைலன்சர் பக்கம் குனிந்து நின்றாள்.

"ஒண்ணுமே இல்லப்பா."

வெள்ளைப் புகை வந்திருந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றத்தான் இல்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று அவர் முடிவு கட்டினார். பானெட்டைத் தூக்கி ஒவ்வொரு குழாயாகத் தடவினார், ஒவ்வொரு கிளிப்பாக முறுக்கினார். நட்டைத் தளர்த்திவிட்டு ஃபில்டர் தலையிலிருந்த கைப்பம்பை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். காற்றுக்குமிழி எதுவும் வரவில்லை.

"ஃபில்டர் அடியில திறந்து பார்க்கலாமாப்பா?"

"டீசல் நேத்து வாங்குனது. அதுல என்ன இருக்கப்போகுது."

மறுபடி குழாய்களையே தடவினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மகளின் போன் சிணுங்கியது. வருவதாகச் சொன்ன வண்டிக்காரன் வரவில்லை என்று சொல்லிவிட்டான். தெருவிலிருந்த மற்ற இரண்டு வண்டிகளும் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டிருந்தன. பஸ் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு மதியத்துக்குத்தான் போய்ச் சேரும். மகள் இன்னொரு வண்டிக்கு முயன்றாள். யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் அவர் வேறு வழியில்லாமல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்தார். மகள் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துக் கீழே பிடித்தாள். நிரம்பியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மேலே மஞ்சளாக டீசல். கீழே, கோடு கிழித்தாற்போல், தண்ணீர். தண்ணீர்தான் அதிகம்.

"பாவி, கலந்துட்டான்" என்றார் அவர்.

முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதே டேங்க் வற்றியிருந்தது. பெட்ரோல் பங்கில் வண்டிகளின் வரிசை தெருவரை நீண்டிருந்தது. கேன்காரர்களுக்குத் தனி வரிசை. வீட்டுக்கு வந்து கொட்டகையிலிருந்த கறுப்புக் கேனை எடுத்துக்கொண்டு நடந்தே போய் வாங்கிவந்து ஊற்றினார். பங்குக்காரன் தண்ணீர் கலந்திருந்தால் டேங்க் முழுக்க அதேதான். அத்தனையையும் கொட்டிவிட்டுப் புது டீசலுக்கு மறுபடி அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும்.

அவர் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். "இனி போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்றார்.

அப்போது மறுபடி போன் வந்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டு மட்கார்டின் மேல் வைத்தாள்.

"மாமா, எங்க வர்றீங்க? அக்கா முழிச்சிருக்கா. உங்களைக் கேக்கறா. காதுல வைக்கறேன், பேசுங்க."

ஆக்ஸிஜன் போகும் சத்தம் கேட்டது. அதற்குள்ளிருந்து மனைவியின் குரல்.

"எங்க... இருக்கீங்க?"

"இதோ கிளம்பிட்டோம்மா. வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"என்னவாம்?"

"பேட்டரி. படுத்துடுச்சு."

"போன மழைக்குத்தானே... புதுசு போட்டீங்க."

மூச்சுக்குத் திண்டாடும்போதும் கணக்கு மறக்காதவள். "புதுசுலயும் சொத்தை உண்டும்மா. உங்கப்பா என்னைப் புது மாப்பிள்ளைன்னு பார்த்து எடுத்துட்டு வரலையா?"

அந்தப் பக்கம் தங்கை சிரித்தது கேட்டது. சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது.

அவர் மனைவி கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் வேலை பார்த்தவள். காலமெல்லாம் அடுத்தவர் அழுக்கைக் கழுவியும் அவளுக்குக் கை அரிப்பு தீரவில்லை. வீட்டுக்கு வந்தும் கழுவினாள். தெருவில் அவளுக்குப் பெயரே சோப்புக்காரி. ஒருமுறை அவருடைய ஸ்பானர்களை எல்லாம் சோப்பில் ஊறவைத்துக் கழுவி வெயிலில் பரப்பினாள். மாலைக்குள் அத்தனையும் துருவேறிச் சிவந்தன. அவளுக்கு ஆகாதது ஒன்று உண்டென்றால் டீசல் நாற்றம். வேலை முடிந்து வந்ததும் அவர் வெளிக்குழாயில் முழங்கை வரை சோப்புப் போட வேண்டும். பிறகு வாசலில் நின்று இரண்டு உள்ளங்கையையும் நீட்ட வேண்டும். அவள் முகர்ந்து பார்ப்பாள். நெற்றியில் ஒரு சுளிப்பு விழுந்தால் திரும்பக் குழாயடி. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சோதனைச்சாவடியைத் தாண்டாமல் அவர் வீட்டுக்குள் போனதில்லை.

"ஏங்க..."

"சொல்லும்மா."

"கொட்டகையில... அந்தக் கறுப்புக் கேன். நாத்தம் தாங்கல. கழுவினேன். அலசின தண்ணியோட அப்படியே... நெஞ்சு அடைச்சிடுச்சு. கவுக்கல. மனசுல அதே நிக்குது. நீங்க... கவுத்து வச்சிடுங்க."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவள் கையிலிருந்த அறுத்த பாட்டிலைப் பார்த்தார்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளிலிருந்து கொட்டகைப் பக்கம் யாரும் போகவில்லை. நேற்று இருட்டிய பிறகுதான் அவர் கேனை எடுத்தார். கறுப்புக் கேன், உள்ளே இருப்பது தெரியாது. கொஞ்சம் கனத்தது. பழைய டீசல் மிச்சம் என்று நினைத்தார்.

"அதை அன்னைக்கே கவுத்துட்டேன்மா" என்றார். "காஞ்சு பளபளன்னு இருக்கு. மோந்துகூடப் பார்த்தேன். சுத்தம்."

"ம்" என்றாள். பிறகு தங்கை, "களைச்சுட்டா மாமா. வாங்க சீக்கிரம்" என்று வைத்துவிட்டாள்.

மகள் சொன்னாள்: "அலசின தண்ணி மட்டும்தான்பா. டீசல் நல்ல டீசல். தண்ணி கனம், அடியில இறங்கியிருக்கும். டேங்க் போல்ட்டைத் திறந்தா முதல்ல அதுதான் வரும்."

அவர் அதற்குள் வண்டிக்கு அடியில் புகுந்திருந்தார். போல்ட் அசையவில்லை. ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி உரிந்தது. கெட்ட வார்த்தை ஒன்று வாய்வரை வந்து நின்றது. "சுத்தியல்" என்றார். கொடுத்தாள். நாலு போடு போட்டதும் போல்ட் இளகியது. முதலில் தண்ணீர் கொட்டியது. லேசாக நுரைத்தது. சோப்பு மணத்தது. அவர் முகத்திலும் கழுத்திலும் வழிந்தது. துடைக்காமல் பார்த்துக்கொண்டே கிடந்தார். நிறம் மாறி மஞ்சளாக வந்ததும் போல்ட்டை மூடினார்.

மகள் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கொட்டி, நல்ல டீசலில் அலசி, நிரப்பி மாட்டினாள். கைப்பம்பை அமுக்கினாள். அவர் திருப்பினார். சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். மறுபடி திருப்பினார். பேட்டரி தளர்ந்துகொண்டே வந்தது. சொன்ன பொய் பலித்துவிடும்போல் இருந்தது.

"புகை வருதுப்பா" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. "வெள்ளையா. விடாதீங்க."

அவர் விடவில்லை. ஒரு சிலிண்டர் பிடித்தது. வண்டி குலுங்கியது. இரண்டாவது பிடித்தது. பிறகு எல்லாம் சேர்ந்து கடகடவென்று கத்தின. தெரு முழுக்க வெள்ளைப் புகை. மகள் ஓடி வந்து ஏறினாள். கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அவர் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினார். அவள் கையில் போன் இருந்தது. அது அடிக்கவில்லை. அடிக்காததே நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

வார்டு வாசலில் தங்கை நின்றிருந்தாள். "உங்ககிட்ட பேசினதுக்கு அப்புறம் கண்ணை மூடினா மாமா. கூப்பிட்டா திரும்பறதில்ல."

அவர் உள்ளே போகாமல் தாழ்வாரத்திலிருந்த கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினார். குழாயைத் திறந்தார். சோப்பு எங்கே என்று தேடினார். மகள் வந்து குழாயை மூடினாள்.

"அப்படியே போங்கப்பா."

"திட்டுவாம்மா."

"போங்க."

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலருகே நின்றார். பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். நகக்கண்களில் கறுப்பு. உரிந்த முட்டியில் ரத்தமும் டீசலும். சட்டையெல்லாம் அதே நாற்றம்.

அவள் நெற்றியில் ஒரு சுளிப்பு விழுந்தது.

ஆக்ஸிஜன் குழாய் உறுத்தியிருக்கலாம் என்றாள் நர்ஸ். நரம்பு தானாக இழுத்ததாகவும் இருக்கலாம். மகளுக்கும் அது தெரியும்.

"கழுவிட்டு வந்துடறேம்மா" என்றார் அவர். எழுந்திருக்கவில்லை. அவள் மூச்சு நிற்கும்வரை அந்தக் கையை விடவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவர் நேரே கொட்டகைக்குப் போனார். கேன் அவர் விட்ட இடத்திலேயே கிடந்தது. வெளிக்குழாய்க்கு எடுத்து வந்தார். சோப்புப் போட்டு அலசினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அலசினார். பிறகு சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தார்.