கிரீஸ் அப்பிய விசைப்பலகை

“கடையில முழுசா விக்கிறத விட்டுட்டு, உதிரி உதிரியா வாங்கி நீ கோத்து, அது வேல செஞ்சிருமாக்கும்?” என்று கேட்டார் சித்தப்பா. அவர் மீன்பிடி வல்லங்களின் இன்ஜின்களைக் கழற்றி மாட்டுகிறவர். அவரே அப்படிக் கேட்டதுதான் எனக்கு வலித்தது.

மாரியூரில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே வலை காயும் மணல் மட்டும்தான். உப்புக்காற்றில் மடிக்கணினியின் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடையில் வாங்கிய விசைப்பலகையும் எட்டே மாதத்தில் போனது. நான் வரவழைத்த உதிரிகளில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனி சுவிட்ச். கெட்டதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே ஆவணங்களைத் தட்டச்சு செய்யும் வேலை ஒன்றுக்குத் திங்கட்கிழமை தேர்வு. கிடைக்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது என்று பேச்சாகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். படித்த படிப்புக்கு உரிய நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற வீம்பு எனக்கு உண்டு.

சுவிட்சுக்குள் லேசாகக் கிரீஸ் தொட்டு வைத்தால் விசை வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று படித்திருந்தேன். அதற்கான சின்ன டியூப் பார்சலில் வரவில்லை. சித்தப்பாவின் இன்ஜின் கிரீஸ் டப்பாவைக் கேட்காமல் எடுத்தேன். எங்கள் ஊரில் கிரீஸ் என்றால் பிதுங்கப் பிதுங்க அப்புவதுதான்; கஞ்சத்தனம் செய்தால் உப்பு தின்றுவிடும். அறுபத்தெட்டு சுவிட்சுகளிலும் அப்படியே அப்பினேன்.

சனிக்கிழமை மாட்டிப் பார்த்தேன். பாதி எழுத்துகள் விழவே இல்லை. புள்ளி விசை இறங்கியது, சேற்றில் புதைந்த கால் மாதிரி மேலே வரவில்லை. திரை முழுக்கப் புள்ளிகள் ஓடின. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா எட்டிப் பார்த்து, எறும்பா ஊருது என்று கேட்டாள்.

ஒரு சுவிட்சைத் திறந்தேன். உள்ளே இரண்டு மெல்லிய செப்புத் தகடுகள். அவை தொட்டால்தான் எழுத்து விழும். நடுவில் என் கிரீஸ். டப்பாவைத் தேடி வந்த சித்தப்பா குனிந்து பார்த்தார்.

“ஏத்தா, பிளக்குல யாராச்சும் கிரீஸ் அப்புவாகளா?”

டப்பாவை மூடி அவரிடம் நீட்டினேன்.

ஞாயிறு முழுக்க நானும் அம்மாவும் சுவிட்சுகளைப் பிரித்து, வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவினோம். நண்டு உடைத்துப் பழகிய அம்மாவின் நகங்களுக்கு அந்த மூடிகள் ஒரு பொருட்டே இல்லை. மின்விசிறிக்கு அடியில் உலர்த்தி, முதலில் எழுத்துகள், எண்கள், புள்ளி, இடைவெளி விசை இவற்றை மட்டும் கோத்தோம். மற்ற இடங்கள் பல் விழுந்த வாய் போலக் கிடந்தன.

திங்கட்கிழமை வீட்டிலிருந்தே எழுதிய தேர்வு அரைமணி நேரம். புள்ளி விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மூச்சைப் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் அது எழுந்து வந்தது. முடித்து வெளியே வந்தால் வாசலில் சித்தப்பா.

“நிக்காம ஓடுச்சுல்ல. சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

வியாழக்கிழமை தேர்வானதாகத் தகவல் வந்தது.  திருப்பூர்ப் பேச்சை என்னைப் பெற்ற அய்யா அதன்பிறகு எடுக்கவில்லை.

முதல் ஆவணத்தை இன்று காலை அனுப்பிவிட்டேன். இரண்டாவதில் ஆறாம் பக்கம் வரை அடித்தாயிற்று.