பதினோராவது சங்கிலி

சங்கிலி பிடிக்கிற வேலையில் ஒரு பெருமை உண்டு: எவ்வளவு படித்த சர்வேயரும், படிக்காத நாங்கள் கூப்பிட்டுச் சொல்லும் எண்ணைத்தான் புத்தகத்தில் எழுதவேண்டும்.

காணி அளக்கும் சங்கிலியைத்தான் சொல்கிறேன். அறுபத்தாறு அடி நீளம், நூறு கண்ணி. முன்னால் ஒருவர் இழுத்துக்கொண்டு போவார். பின்னால் ஒருவர் நுனியைப் பிடித்துக்கொண்டு வருவார். முன்னால் இழுத்தவன் நான். வன்னியில் காடு வெட்டிக் குடியேற்றக் காணிகள் பிரித்த காலத்தில், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலுமாகப் பதினேழு வருடமும் ஐந்து மாதமும் இழுத்திருக்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு.

பிள்ளையை மேலே படிக்க அனுப்புவதா, அந்தச் செலவு தகுமா என்று உறக்கம் கெட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. என்னைப் போலவே அவதிப்பட்டவர்கள்தானே நீங்களும்.

பதினாலு நாள்

என் மூத்த மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது ஒரு புதன்கிழமை. பதினாலு நாளுக்குள் பதில் போடவேண்டும். பாடம் சொல்லித்தருவது இலவசம். ஆனால் விடுதி, சாப்பாடு, புத்தகம், ரயில், மலைநாட்டுக் குளிருக்குக் கம்பளிச் சட்டை என்று வருபவை ஒன்றும் இலவசமில்லை. என் சம்பளம் வீட்டில் இருந்த ஆறு வயிற்றுக்கும் சரியாக இருந்தது. விற்கக்கூடியதாக இருந்தது ஒரு சோடி மாடும் வண்டிலும். அறுவடைக் காலத்தில் ஊராரின் நெல்லையெல்லாம் ஏற்றியது அந்த வண்டில்தான்.

மறுநாள் பூவரசங்குளப் பக்கம் வேலை. முகாமுக்குப் புறப்படும்போது கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யோசித்து, எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றுப் பொதியைக் கட்டியபடி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"நீங்கள் எண்ணி முடிக்கப் பதினாலு நாளும் போயிடும். பதினைஞ்சாம் நாள் என்ன செய்யிறதா யோசினை?"

பாலை மரம்

அந்த முகாமுக்கு வந்த சர்வேயர் பரமலிங்கம் ஐயாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணப் பட்டணத்தில் பிறந்து, பட்டம் எடுத்துவிட்டு நேரே காட்டுக்கு வந்தவர். முதல் நாள் எருமைக் கன்றைப் பார்த்துக் கரடி என்று நினைத்துவிட்டார். பின்னால் சங்கிலி பிடிக்கும் மீரான் காக்காவுக்கு அவரில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. காக்கா முல்லைத்தீவு முஸ்லிம், அவர்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன்; எனக்கு ஒன்பது வயது மூத்தவர், சங்கிலியில் இருபத்திரண்டு வருடம்.

மூன்றாம் நாள், எல்லைக் கோட்டிலே ஒரு பாலை மரம் குறுக்கே நின்றது. வெட்டத்தான் வேண்டும். ஆனால் எண்பது அடி தள்ளி ஒரு குடும்பம் புதிதாகக் கூரை போட்ட வீடு இருந்தது. மரம் விழுந்தால் அதுவரை எட்டுமா? ஐயா கருவியை நிறுத்தி உச்சியைப் பார்த்தார், மரத்தடிக்குச் சங்கிலி பிடிக்கச் சொன்னார், ஒரு தாளில் ஏதோ எழுதினார். "எழுபத்திரண்டு அடி. பயமில்லை, வெட்டுங்கோ" என்றார். முழுதாகப் பத்து நிமிடம் ஆகவில்லை.

காக்கா ஒப்பவில்லை. கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். ஏறக்கூடிய மட்டும் ஏறி, மிச்சத்துக்கு ஒரு தடியை நீட்டிப் பிடித்து, கயிற்றைக் கீழே விட்டார். நான் கயிற்றையும் தடியையும் அளந்தேன். எழுபத்தொன்றரை அடி. ஐயா சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. காக்கா இறங்கும்போது மரத்தடியில் நின்று கை கொடுத்தார். காக்கா கீழே உட்கார்ந்து காலைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"எனக்கு ரெண்டு முழங்காலும் உரிஞ்சு போச்சு, தம்பி. அந்த மனுசனுக்குப் பென்சில் கூட மழுங்கேல்ல."

படலையில் தபால்காரன்

என் சங்கடத்தைக் காக்காவுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். ஆட்களிடம் வாய் திறந்து கேட்க எனக்குக் கூச்சம். அதனால் போகிற வீட்டு வளவெல்லாம் காக்காதான் கேட்டார்; நான் பக்கத்தில் நின்று சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மொத்தம் ஒன்பது பேரிடம் கேட்டோம். நாலு பேர் அனுப்பு என்றார்கள். மூன்று பேர் பெண் பிள்ளைக்கு ஏன் என்றார்கள். மற்ற இரண்டு பேர் மாட்டுக்கு என்ன வயது என்று கேட்டார்கள்.

நாலு பேரில் ஒருவர் தங்கம்மா. தென்மராட்சியிலிருந்து வந்து காணி எடுத்துக் குடியேறியவர். மகன் பட்டதாரி, கொழும்பில் ஒரு கந்தோரில் உத்தியோகம். வாசல் படலையைத் திறந்து எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தபோது காக்கா, "பிள்ளை, மகனைப் படிப்பிச்சதால உனக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டார். அவர் நன்றாக யோசித்தார். மகன் வருடத்துக்கு ஒரு தடவைதான் வருகிறான், வந்தால் வயலுக்குள் இறங்குவதில்லை, குளத்துத் தண்ணீர் ஒத்துவரவில்லை என்று சோடா குடிக்கிறான் என்று விரல் மடித்துச் சொன்னார். அனுப்பாதே என்றுதான் முடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னார்:

"முந்தித் தபால்காரன் படலையில நிண்டு 'ஏய்' எண்டுதான் கூப்பிடுவான். இப்ப 'அம்மா' எண்டுறான். ஒருத்தரும் அவனுக்குச் சொல்லிக் குடுக்கேல்ல."

லாபம்

ஒன்பதாம் நாள் காக்காவுக்குக் காய்ச்சல். பின்னால் பிடிக்க, அன்று அளக்கவிருந்த காணியையே எடுக்கப்போகிற கந்தவனம் என்ற கமக்காரரைக் கூலிக்கு வைத்தோம்.

எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன். சங்கிலி முழு நீளம் ஓடியதும் முன்னால் போகிறவன் ஒரு இரும்புக் கம்பியை நிலத்தில் குத்துவான். பின்னால் வருபவர் அந்த இடத்துக்கு வந்ததும் கம்பியைப் பிடுங்கி, எத்தனையாவது என்று உரத்துக் கூப்பிடுவார். பத்துக் கம்பி சேர்ந்ததும் அவற்றை முன்னவனிடம் கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். சர்வேயர் கருவியோடு நின்று அதைக் கேட்டு எழுதுவார். இது போக, எனக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு சின்னக் கல்லை வலது காற்சட்டைப் பையிலிருந்து இடது பைக்கு மாற்றிவிடுவேன். ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கிழக்குப் பக்கத்தை அளந்து முடிக்கும்போது மழை இருட்டிவிட்டது. அவசரமாகக் கூடாரத்துக்கு ஓடினோம். ஐயா அன்றைய கணக்கை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நல்ல புத்தகத்தில் எழுதினார். "கிழக்கு, பத்துச் சங்கிலி, நாப்பது கண்ணி" என்றார். என் இடது பையில் பதினொரு கல் இருந்தது. இரண்டு தடவை எண்ணினேன். பிறகு, பட்டம் படித்தவர் எழுதினது பிழையாக இராது, நான்தான் எங்கோ ஒன்றைக் கூட மாற்றிவிட்டேன் என்று நினைத்து, வெளியே போய் ஒரு கல்லை எறிந்துவிட்டேன்.

அடுத்த நாள் முழுக்க மழை. ஐயா மேசையில் இருந்து கணக்குப் போட்டார். மத்தியானம் எங்களைக் கூப்பிட்டார். "காணியைச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வந்தனாங்கள். அப்ப வடக்கே போனதும் தெற்கே வந்ததும் ஒண்டாக இருக்கவேணும். இருக்கேல்ல. சரியா ஒரு சங்கிலி குறையுது. கிழக்குப் பக்கத்தில ஒரு சங்கிலியை விட்டிட்டம்" என்றார். மரத்தைப் பார்த்ததுபோல, இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார்.

கந்தவனத்தைக் கூப்பிட்டு, நேற்று எப்படி எண்ணினீர்கள், ஒருக்கால் எண்ணிக் காட்டுங்கோ என்றார். அவர் கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினார்: "லாபம், ரெண்டு, மூண்டு..."

வன்னியில் களத்தில் நெல் அளக்கும்போது யாரும் 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அது பழகிப்போன சொல். காதில் தட்டவே இல்லை. பட்டணத்தில் வளர்ந்த ஐயாவுக்கு அது தெரியாது. பத்து முடிந்து, பதினோராவது சங்கிலிக்குக் கந்தவனம் மறுபடி 'லாபம்' என்று கூப்பிட்டிருக்கிறார். முதல் தடவை அடுத்து 'ரெண்டு' வந்ததால் கணக்குத் தப்பவில்லை; இந்தத் தடவை அடுத்து ஒன்றும் வராததால் ஐயா அதை எழுதவில்லை. அந்த அறுபத்தாறு அடிக்குள்தான் கந்தவனம் தன் கையால் வெட்டிய கிணறு இருந்தது.

"வேலை முடிஞ்ச சந்தோசத்தில சொல்லுறீங்கள் எண்டு நினைச்சன்" என்றார் ஐயா. கந்தவனம் மெல்லச் சொன்னார்:

"என்ர கிணறு அடுத்தவன்ர காணிக்குப் போகப் பாத்துது ஐயா. எனக்கு என்ன சந்தோசம்?"

ஐயா கேட்ட கேள்வி

மற்றவர்கள் போன பிறகு ஐயா என்னை மறித்தார். "அண்ணை, நீங்கள் கல்லு மாத்திறனீங்கள் எண்டு காக்கா சொன்னார். உங்களுக்கு எத்தினை வந்தது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, "பதினொண்டு, ஐயா. ஒண்டை எறிஞ்சிட்டன்" என்றேன். ஏன் என்று கேட்டார். நீங்கள் பத்து என்றீர்கள், அதனால் எறிந்தேன் என்று சொல்லி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார். பதினேழு வருடத்தில் ஒரு சர்வேயரின் கூடாரத்துக்குள் நான் கதிரையில் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எண்ணத் தெரியும். எண்ணியதை நம்பத் தெரியாது. என் மகள் கணக்கில் கெட்டிக்காரி. கூச்சத்தில் அவள் என்னைப் போல. வகுப்பில் விடை தெரிந்தும் கை உயர்த்தமாட்டாள் என்று அவளின் ஆசிரியை எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. மேலே படிக்காமல் நின்றால் அவளும் ஒரு நாள் சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர் சொன்னார் என்பதற்காக எறிந்துவிடுவாள். சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து ஐயாவிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். அனுப்பு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேசையில் கிடந்த தாள்களைக் காட்டிச் சொன்னார்:

"படிச்சவன் பிழை விடமாட்டான் எண்டு மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்பிப்போடாதேங்கோ, அண்ணை. விட்ட பிழையைப் பிடிக்கத்தான் படிக்கிறது."

துணுக்காயிலிருந்து வந்தவர்

பதினோராம் நாள் மழை விட்டதும் கிழக்குப் பக்கத்தை மறுபடி அளந்தோம். பதினொரு சங்கிலி, நாற்பது கண்ணி. கந்தவனத்தின் கிணறு கந்தவனத்துக்கே. பன்னிரண்டாம் நாள் லீவு கேட்டு வீட்டுக்குப் போனேன். மாட்டை விற்கலாம் என்று சொன்னதும் மனைவி உள்ளே கையைக் காட்டினாள். உள்ளே போய்ப் பார்த்தால், மகளின் பெட்டிக்குள் இரண்டு புதுச் சட்டைகள் தைத்து மடித்து வைத்திருந்தாள். தையலைப் பார்த்தால் ஒரு நாள் வேலை இல்லை. நான் முகாமுக்குப் போன அன்றே தொடங்கியிருக்கிறாள்.

வாங்க வந்தவர் துணுக்காய்க்காரர். மாட்டின் வயதைக் கேட்டாரே, அந்த இரண்டு பேரில் ஒருவர். பல்லைப் பிடித்துப் பார்த்தார், குளம்பைத் தட்டிப் பார்த்தார், வண்டிலின் அச்சை ஆட்டிப் பார்த்தார். நான் மாட்டின் முகத்தைப் பார்க்காமல் மற்றப் பக்கம் திரும்பி நின்றேன். மகள் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, "அப்பா, வேண்டாமெண்டால் நான் நிக்கிறன்" என்றாள். வியாபாரத்தையே நிறுத்திவிடலாம் போல இருந்தது. அந்த மனிதர் ஒருக்கால் அவளைப் பார்த்தார், ஒருக்கால் மாட்டைப் பார்த்தார், பிறகு என்னிடம் சொன்னார்:

"இன்னும் நாலு வருசத்தில இந்தச் சோடி கிழடு தட்டிப்போகும், அண்ணை. உங்கட பிள்ளை அப்பதான் தொடங்குவா."

விலையைக் குறைக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று பிறகு விளங்கியது, என்றாலும் என் வாழ்க்கையில் நான் ஏமாந்த வியாபாரங்களில் இன்றுவரை நன்றியோடு நினைப்பது இந்த ஒன்றைத்தான்.