யோரூன் ஒப்புக்கொண்ட மணிநேரங்கள்

ஹெஸ்ட்வோய் தீவில் மீன் ஆலையை மூடியபோது இருபத்துமூன்று பேருக்கு வேலை போயிற்று. அவர்களில் இருபத்திரண்டு பேர் இன்றும் தீவில்தான் இருக்கிறார்கள். யோரூன் ஒருத்திதான் போனவள். ஏன் போனாள் என்று கேட்டுப் பாருங்கள், "மகளோட இருக்கணும்னு ஆசைப்பட்டா" என்று ஊரே ஒரே வாயாகச் சொல்லும். அது பச்சைப் பொய். அவள் தன் வீட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியே தங்க விரும்பாதவள்.

ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு வருடம் அந்த ஆலையில் காட் மீன் துண்டங்களிலிருந்து முள் எடுத்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் எடை உண்டு, எடைக்கு எதிரே அவரவர் எண் உண்டு. தட்டில் பத்து கிராம் கூடியிருந்தாலும் யோரூன் எடுத்து அடுத்த தட்டில் வைப்பாள். "யாருடி பாக்கப் போறா?" என்று பக்கத்தில் நின்ற தோழி பூடில் கேலி செய்வாள். "நான் பாக்குறேன்ல" என்பாள் இவள். புருஷன் இறந்து எட்டு வருடமாயிற்று. மகள் பூடோ நகரத்தில் ஒரு நிலவறைக் குடியிருப்பில் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதால், வங்கியில் கடன் வாங்கிப் புதுக் கூரை போட்டிருந்தாள். சம்பளம் நின்ற பிறகு, வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை வந்தால்தான் வீடு நிற்கும். அது அவளுக்கும் தெரியும், வங்கிக்கும் தெரியும்.

முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்தப் பதினான்கு நாளில் வேலை செய்தீர்களா, செய்திருந்தால் எந்த நாளில் எத்தனை மணி நேரம்? அவ்வளவுதான் கேள்வி. யோரூன் காப்பி போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆலைக்குக் கிளம்புகிறவளைப்போல் தலைவாரிக்கொண்டுதான் அதன் முன்னால் உட்காருவாள்.

மார்ச் மாதத்தில் ஹால்வார் வந்தான். ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன். ஆலை மூடும் முன்பே நல்ல பணத்தோடு ஓய்வு வாங்கிக்கொண்டவன். இப்போது ஊர் மண்டபக் கமிட்டிக்குத் தலைவன். மண்டபத்தைப் புதுப்பித்து மே பதினேழாம் தேதி, தேசிய நாளன்று, திறக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான்.

"தூக்னாட் ஆரம்பிக்கிறோம் யோரூன். உனக்குத்தான் இப்ப நேரம் கிடக்குதே" என்றான்.

தூக்னாட் என்றால் ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்யும் வேலை. வரமாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த பத்து வருடம் கடையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்க மாட்டார். வேலையில் இருப்பவர்கள் சனிக்கிழமை வந்தார்கள். வேலை போனவர்கள் தினமும் வந்தார்கள். பழைய பெயிண்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மேலே இரண்டு கோட்டிங் வெள்ளை அடித்தார்கள். மத்தியானம் வேஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் காப்பியும் கிடைக்கும். யோரூன் ஆறு வாரம் போனாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. விழித்தால் போக ஓர் இடம் இருந்தது.

திங்கட்கிழமை வந்தது. வேலை செய்தீர்களா என்று படிவம் கேட்டது. செய்தாள்தானே? முதுகு வலி சாட்சி. கூலி வாங்கினீர்களா என்று அது கேட்கவில்லை. யோரூன் நாள்வாரியாக எழுதினாள். மூன்று படிவங்களிலும் சேர்த்து நூற்று முப்பத்தொரு மணி நேரம்.

ஏப்ரல் கடைசியில் தொகை நின்றது. கடிதம் வந்தது: வழக்கமான வேலை நேரத்தில் பாதிக்கு மேல் வேலை செய்கிறவர் வேலையில்லாதவர் ஆகமாட்டார், எனவே உதவித்தொகை நிறுத்தப்படுகிறது, கொடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஆராயப்படுகிறது, ஆறு வாரத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பூடில் வீட்டுக்கு ஓடினாள். பூடில் முழுவதும் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, உனக்குக் கிறுக்கா? தூக்னாட்டைப் போயா எழுதுவே?"

"வேலை செஞ்சீங்களான்னு கேட்டாங்க. செஞ்சேன்."

"நானுந்தான் செஞ்சேன். உன் பக்கத்து ஏணியிலதானே நின்னேன்? சைபர் போட்டேன். எல்லாரும் சைபர்தான் போட்டோம். உன்னைத் தவிர ஒருத்திக்கும் இப்படிப் புத்தி போகலையே!"

யோரூன் வெட்கப்பட்டாள். பொய் சொன்னவள் எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறாள், உண்மை எழுதியவளுக்கு முகம் சிவக்கிறது. அவள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும் உங்களுக்கு. ஆனால் அவள் அப்படித்தான்.

தொலைபேசியில் உதவித்தொகை அலுவலகப் பெண் கிடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. பெயர் மாரென். இளம் குரல், நல்ல குரலும்கூட.

"சங்கத்துக்காகச் சும்மா கைகொடுத்ததுன்னா அதை வேலையாக் கணக்கெடுக்க மாட்டோம்" என்றாள் மாரென். "ஆனா ஆள் வச்சுச் செய்ய வேண்டிய வேலையை நீங்க செஞ்சிருந்தா அது வேலைதான், கூலி வாங்கலைன்னாலும். உங்க கமிட்டி ஒரு கடிதம் கொடுக்கட்டும். அதை முறையீட்டோட சேர்த்துடலாம். பெரும்பாலும் சரியாயிடும்."

ஒரு கடிதம். அரைப் பக்கம். யோரூனுக்கு மூச்சு வந்தது. அன்று மாலையே ஹால்வார் வீட்டுப் படியேறினாள்.

ஹால்வார் அவள் தோளைத் தட்டினான். "இதென்ன பிரமாதம்? எழுதித் தர்றேன். பதினேழாம் தேதி விழா முடியட்டும், இப்ப தலைக்கு மேல வேலை. நீ ஏன் அலையணும், நானே நேரா அவங்களுக்கு அனுப்பிடுறேன்."

மே பதினேழு அன்று கொடி, வாத்தியம், குழந்தைகள் கையில் ஐஸ்கிரீம், எல்லாம் இருந்தது. மண்டபம் பால் போல் வெள்ளையாக நின்றது. ஹால்வார் மேடையேறி, மானியம் கொடுத்த நிதியத்தாருக்கு நன்றி சொன்னான். பிறகு யோரூனை மேலே கூப்பிட்டு ஒரு பூங்கொத்தைக் கையில் வைத்தான்.

"முந்நூத்தி இருபது மணி நேரம்!" என்று ஒலிபெருக்கியில் கத்தினான். "இந்த ஒருத்தி கொடுத்தது முந்நூத்தி இருபது மணி நேரம்! பெயிண்டரை வச்சிருந்தா நாம திவாலாயிருப்போம்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. யோரூனுக்குக் காது அடைத்தது. மானிய விண்ணப்பத்தில் ஊரார் கொடுத்த உழைப்பையும் மணிக்கணக்கில் காட்ட வேண்டும், கூடக் காட்டினால் கூடக் கிடைக்கும் என்பது அவளுக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. பாதிப் பேர் எட்டிப்பார்த்துவிட்டுப் போன நேரத்தையெல்லாம் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வேலையில்லாத பொம்பிளைதானே, எத்தனை மணி நேரம் போட்டாலும் நம்புவார்கள்.

ஒலிபெருக்கி ஒரு கை நீட்டும் தூரத்தில் இருந்தது. நூற்று முப்பத்தொன்று என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. கடிதம் இன்னும் அவன் கையில் இருந்தது. "நன்றி" என்றாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான்.

ஒரு வாரம் கழித்துக் கடிதத்தை அனுப்பிவிட்டதாக ஹால்வார் சொன்னான். யோரூன் மீன் வடை சுட்டு ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

கோடை முழுவதும் காத்திருந்தாள். ஜூலையில் விற்கக்கூடியதை விற்றாள். ஆகஸ்டில் மகள் அனுப்பிய காசை வெட்கத்தோடு வாங்கினாள். வங்கியிலிருந்து முதலில் கனிவான கடிதம் வந்தது, பிறகு கனிவில்லாத கடிதம் வந்தது. வேலை கேட்டு எழுதாத இடம் இல்லை. அக்கரையில் உள்ள முதியோர் இல்லம், படகுத்துறைக் கடை, பள்ளிக்கூடத்துச் சமையலறை. ஐம்பத்தேழு வயதில் முள் எடுக்க மட்டும் தெரிந்தவளை யார் கூப்பிடுவார்கள்?

செப்டம்பர் இரண்டாம் வாரம் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு தள்ளுபடி. 'மண்டபக் கமிட்டித் தலைவர் உறுதிப்படுத்தியபடி, முறையீட்டாளர் முந்நூற்று இருபது மணி நேரம், தொழில்முறைத் தரத்தில், இல்லாவிட்டால் கூலிக்கு ஆள் அமர்த்த வேண்டியிருந்த வேலையைச் செய்துள்ளார். தாம் தெரிவித்ததைவிட நூற்று எண்பத்தொன்பது மணி நேரம் அதிகம். முறையீட்டாளர் உண்மையை மறைத்துள்ளார்.' பூங்கொத்தோடு அவள் நின்ற பத்திரிகைப் படத்தையும் இணைத்திருந்தார்கள்.

உண்மையை மறைத்துள்ளார். அந்த வரியை அவள் நின்றபடியே நாலு தடவை படித்தாள்.

ஹால்வார் முற்றத்தில் படகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். அவள் காகிதத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"என்னை என்ன பண்ணச் சொல்றே?" என்றான். "நிதியத்துக்கு ஒண்ணு, உங்க ஆபீசுக்கு ஒண்ணுன்னு எழுத முடியுமா? ஒப்பிட்டுப் பார்த்தா மானியத்தைத் திருப்பிக் கேட்பாங்க. மண்டபம் போயிடும். எல்லாரோட மண்டபம் அது."

"நான் அவ்வளவு நேரம் செய்யலை ஹால்வார்."

"நான் பொய் எழுதுற ஆள் இல்லை யோரூன். ஒரு தடவை எழுதினதை மாத்த மாட்டேன்." தூரிகையை எண்ணெயில் தோய்த்துக்கொண்டே, "நீயும் மத்தவங்க மாதிரி சைபர் போட்டிருந்தா இந்த வம்பே வந்திருக்காது" என்றான்.

அவன் மூஞ்சியில் எண்ணெய் வாளியைக் கவிழ்த்திருக்கலாம். அவள் வீட்டுக்குத் திரும்பி மாரெனைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். 

"நான் உங்களை நம்புறேன்" என்றாள் மாரென். "ஆனா என் நம்பிக்கை செல்லாது. உங்களோட பெயிண்ட் அடிச்ச ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு, எத்தனை மணி நேரம், எப்படிப்பட்ட வேலைன்னு சொன்னாங்கன்னா நானே திரும்ப எடுத்துப் பாக்கிறேன். உங்க ஆலையில வேலை போனவங்க யாராவது இருந்தாங்களா? பேர் மட்டும் சொல்லுங்க. அவங்க படிவமெல்லாம் எங்ககிட்டயே இருக்கு, ஒத்துப் பாத்துடலாம்."

யோரூன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கொடியில் பூடில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பேர்கள் நாக்கு நுனியில் இருந்தன. எந்தச் சுவரை யார் அடித்தார்கள் என்பதுகூட நினைவிருந்தது. சொன்னால் தன் கூரை நிற்கும். இருபத்திரண்டு சைபர்கள் வெளியே வரும், இருபத்திரண்டு கூரைகள் போகும்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"யாரும் இல்லைம்மா. நான் ஒருத்திதான் அடிச்சேன்" என்றாள் யோரூன்.

அந்த அலுவலகத்துக்கு அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை நம்பினார்கள். முந்நூற்று இருபது மணி நேரத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

இதற்கும் மேலே ஒரு தீர்ப்பாயம் உண்டு. அங்கே போனால் ஒன்றரை வருடம். வங்கி ஒன்றரை மாதம்கூடக் காத்திருக்கவில்லை. ஓஸ்லோவிலிருந்து ஒரு பல் மருத்துவர் கோடைக்கு வந்து தங்குவதற்காக வீட்டை வாங்கினார். கூரை புதிதாக இருப்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அக்டோபரில் வீட்டைக் காலி செய்யும் நாள். காலை ஒன்பது மணிக்கு யோரூன் கதவைத் திறந்தால் வாசலில் ஊரே நிற்கிறது. கையுறை, கயிறு, இரண்டு தள்ளுவண்டி, ஹால்வாரின் பெரிய வேன்.

"தூக்னாட்!" என்றான் ஹால்வார். "எங்க ஊர்ல யாரும் தனியா சாமான் தூக்கினதா சரித்திரமே இல்லை."

கூடாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தூக்னாட் யாருக்காக நடக்கிறதோ அவர்தான் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பது வழக்கம். அவள் உள்ளே போய்க் கடைசி மாவைக் கரைத்து வேஃபிள் சுட்டாள். பூடில் தட்டுகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் யோரூனின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் கட்டிலோடு வெளியே போன சமயத்தில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யோரூன், கேக்கிறேன்னு தப்பா நினைக்காதே. ஆபீஸ்ல பேர் ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

பூடிலின் கையில் தட்டு அப்படியே நின்றது. "சொல்லிட்டியா?"

"சொல்லலை."

பூடில் அவளைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் முத்தம்கூடக் கொடுத்தாள். பிறகு சுற்றிக்கொண்டிருந்த தட்டைக்கூடக் கீழே வைக்காமல் வெளியே ஓடினாள். ஜன்னல் வழியாக யோரூன் பார்த்தாள்: பூடில் ஒருத்தியின் காதில் சொன்னாள், அவள் தன் புருஷனிடம் சொன்னாள், அவன் வேனுக்குப் போய் ஹால்வாரிடம் சொன்னான். இரண்டே நிமிடம். ஹால்வார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. பாட்டு வந்தது, கேலி வந்தது. பீரோவைத் தூக்கியவர்கள் குழந்தைகள்போலப் பந்தயம் வைத்துக்கொண்டு ஓடினார்கள். வேஃபிள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீடு காலி. படகுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது, உட்கார நாற்காலி இல்லை. எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். "வாயேன், எங்க வீட்ல சாப்பிடு" என்று ஒரு நாதியும் கூப்பிடவில்லை. காலையில் அவளுக்காக வந்தவர்கள் அல்லவே அவர்கள். பேர் சொல்லியிருப்பாளோ என்ற பயத்தில் வந்தவர்கள், அது தீர்ந்துவிட்டது. யோரூன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

படகுத்துறைக்கு மட்டும் மறுபடி வந்தார்கள். வழியனுப்பாமல் விட்டால் நன்றாக இருக்காது. ஹால்வார் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"வசந்தத்துல வந்துட்டுப் போ யோரூன். மண்டபத்து மேல்கூரைக்கு இன்னொரு கோட்டிங் வேணும். உன் கை மாதிரி யாருக்கும் வராது."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மனமாரத்தான் சொன்னான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படகில் ஏறினாள்.