மச்சான் வைத்திருக்காத சாஃப்ட்வேர்

என் தம்பி பெலிக்ஸுக்குப் பாட்டுப் பதிவு செய்ய ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவன் மச்சான் வைத்திருப்பதாக மட்டும் இருக்கக் கூடாது.

அந்த மச்சான் என் வீட்டுக்காரர் சார்லஸ். ஆவூரில் மாதா கோவிலுக்குப் பாட்டுப் பதிந்து கொடுப்பவர். எங்கள் வீட்டுப் பின்னறையில் சுவர் முழுக்கப் பழைய மெத்தையை அடித்து, ஒரு கணினியும் மைக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவு சாத்தியிருந்தால் வீட்டில் நான் தும்மக்கூட முடியாது. "மேரி, சத்தம் போடாத, பதிவு ஓடுது" என்று உள்ளே இருந்து குரல் வரும். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து அவர் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

பெலிக்ஸ் மாத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கீபோர்டு வாசிப்பான். அவன் மனைவி ஷர்லி பாடுவாள். அவன் வாசிக்க அவள் பாடுவதுதான் ஊர் பல வருஷமாகப் பார்த்த காட்சி. போன வருஷம் அவன் ஷிப்டுக்குப் போயிருந்த ஒருநாள், ஷர்லி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதா பாட்டைப் பாடிவிட்டுப் போனாள். நடுவில் என் குக்கர் விசில் அடித்துவிட்டது. அதைத் தேடித் தேடி வெட்டியெடுத்து, பாட்டை ஃபாதரிடம் கொடுத்தார் சார்லஸ். சாயங்காலமானால் கோபுரத்து ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுதான்.

"சார்லஸ் பதிவுல ஷர்லி கொரலு என்னமா இருக்கு!" என்று டீக்கடையில் பெலிக்ஸ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். நேராக என்னிடம் வந்தான்.

"பாடுனது எம் பொண்டாட்டி. பேரு ஒம் புருசனுக்கா?"

"பேரை யாருடா தூக்கிட்டுப் போனா?"

"ஊரே சொல்லுதுக்கா. இத்தன வருசம் நான் வாசிச்சேனே, ஒருத்தனாவது பெலிக்ஸ் வாசிப்புல ஷர்லி கொரலு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கானா?"

வயிற்றெரிச்சலில் அவன் முகம் சின்ன வயதில் என் தட்டில் பெரிய மீன் துண்டு விழுந்தபோது இருந்ததுபோலவே இருந்தது. வருகிற திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஷர்லி பாடப்போகும் புதுப்பாட்டைத் தன் வீட்டிலேயே பதிவது என்று அன்றே முடிவு செய்துவிட்டான்.

வீட்டில் கணினி இருந்தது. ஷர்லி விராலிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. கேள்வித்தாள் அடிப்பதற்காக வாங்கியது. வயதான கணினி. ஷர்லி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"இலவசமா ஒண்ணு கெடைக்குதுங்க. சின்னது. நம்ம கம்ப்யூட்டர் அதைத் தாங்கும். ஒரு கொரலு, ஒரு கீபோர்டு, அதுக்கு மேல நமக்கு என்ன வேணும்?"

"அது யாரு வச்சிருக்கா?"

"சார்லஸ் அண்ணன் அதுலதான்..."

அதோடு அது தள்ளுபடி ஆனது. கீரனூர் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கேட்டான். அவரும் அதையேதான் சொன்னார். அவர்மேலும் கோபம். பிறகு இரண்டு வாரம் செல்போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினான். ஒன்று மாதாமாதம் வாடகை கேட்டது. ஒன்றில் ஹெட்போனில் குரல் அரை வார்த்தை பிந்தி வந்து விழுந்தது. கடைசியில், கறுப்புத் திரையில் ஏகப்பட்ட திருகு குமிழ்கள் மினுங்குகிற ஒன்றை, கொஞ்ச நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்றதும் இறக்கிக்கொண்டான். அதில் ஒரு முழு இசைக்குழுவையே பதியலாமாம். இவன் வீட்டில் இருந்தது ஒரு மைக்.

அதைத் திறந்தாலே கணினி மூச்சு வாங்கியது. என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். "மச்சான்கிட்ட இதுமாரி இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவனுக்கு வயிறாரச் சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பதிந்தார்கள். மறுநாள் ஷர்லி என்னிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னாள்.

"நல்லா பாடினேன் அண்ணி. என் ஆயுசுல அப்படிப் பாடுனதில்ல. முடிக்கவும் கம்ப்யூட்டர் அப்படியே நின்னுபோச்சு. நான் சோத்தைப் பாக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா, உங்க தம்பி எல்லாம் போச்சுங்கிறாங்க. இன்னொரு தடவ அப்படி வராது."

பிறகு நாலைந்து தடவை முயன்றார்கள். ஒவ்வொரு தடவையும் கணினி நின்றது. ஃபாதரோ பாட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஷர்லி எங்கள் வீட்டுக்கு வந்து, பின்னறையில், அந்தச் சின்ன சாஃப்ட்வேரில் பாடிவிட்டுப் போனாள். நான் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொடியேற்றத்தன்று கோபுரத்திலிருந்து அந்தப் பாட்டு வந்தது. கூட்டமே அண்ணாந்து கேட்டது. "சார்லஸ் பதிவு" என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. பெலிக்ஸ் வெந்து கொண்டிருப்பான் என்று தேடிப் போனேன். வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா சிரிப்பு?"

"இது ஒண்ணுமில்லக்கா."

"எது?"

"இந்தப் பாட்டு. அன்னைக்கு அவ பாடுனதைக் கேட்டிருந்தா இதை நின்னு கேக்க மாட்ட."

"அதான் போச்சே."

சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போகலக்கா. கம்ப்யூட்டரைத் திருப்பிப் போட்டதும் அந்த சாஃப்ட்வேரே கேட்டுச்சு. பதிவு பத்திரமா இருக்கு, மீட்டுத் தரவா வேணாமான்னு. நாந்தான் வேணாம்னு அமுக்கினேன்."

"ஏன்டா பாவி? இதுக்காகத்தானேடா அவ்வளவு குதிச்ச?"

"சத்தம் வருதுன்னு ஃபேனை நிறுத்திட்டோம். வேத்து ஊத்துது. அவ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பாடினா. கோயில்ல ஒருநாளும் என்னைப் பாத்துப் பாடுனதில்ல. அதைப் போயி இங்கிட்டு மைக்செட்ல போட்டு டீக்கடைக்காரன், பஸ்ஸுக்கு நிக்கிறவன் எல்லாம் கேக்கணுமா? எனக்கு மனசு வரல."

"ஒளிச்சு வச்சிருக்கலாம்ல?"

"அந்தக் கம்ப்யூட்டர்ல அவளுக்குத் தெரியாம ஒண்ணு இருக்க முடியுமா? கண்டா ஃபாதர்கிட்டதான் குடுப்பா. இப்ப பாரு, அது எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு, என் காதுல."

பாட்டு முடிந்தது. வாயைப் பிளந்து நிற்கும் ஊரை இரக்கத்தோடு பார்த்தான். அவர்களுக்கு எச்சில் இலையைப் போட்டுவிட்டு விருந்தைத் தான் மட்டும் தின்றவன்போல அப்படி ஒரு திருப்தி.

அந்தப் பக்கம் ஷர்லி பெண்களுக்கு நடுவில் நின்றாள். அழிந்துபோன பாட்டை நினைத்து இன்னும் கொஞ்சம் வாடித்தான் இருந்தாள். அவள் பாவம் என்றுதான் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவள்மேல் பொறாமையாக இருந்தது, அடிவயிறு வரைக்கும். ஒரு ஆம்பிளை, ஊருக்குக் கொடுக்க மனசு வராமல் அவள் குரலை அழித்திருக்கிறான். என் குரலையும் ஒருவர் வருஷக்கணக்கில் அழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"நல்லா வந்துருக்குல்ல?" என்று வீட்டுக்கு வரும் வழியில் சார்லஸ் கேட்டார். நல்லா வந்திருக்கு என்றேன். பெலிக்ஸ் சொன்னதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் யாரோ பாட வந்தார்கள். சார்லஸ் பின்னறைக் கதவைச் சாத்தினார். நான் மிக்ஸியைப் போட்டேன்.

"மேரி! பதிவு ஓடுது!"

"ஓடட்டும், சட்னி அரைக்கிறேன்" என்று கத்தினேன். மிக்ஸிக்குள் ஒன்றும் இல்லை.