பதினோராவது விநாடி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் 'கைகாட்டி' என்ற பட்டப்பெயர் மைதானத்தில்தான் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பெண்கள் சாஃப்ட்பால் லீகில் அம்பயர். பேட்டர் தன் கட்டத்துக்குள் காலை ஊன்றி நிமிர்கிற வரைக்கும் வலது கையைப் பந்து வீசுகிற பிட்சருக்கு நேரே உயர்த்திப் பிடித்திருப்பாள். அந்தக் கை இறங்கினால்தான் பந்து வரலாம்.

அம்பயரான முதல் வருடம், பேட்டர் குனிந்து ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோதே ஒரு பிட்சர் பந்தை விட்டுவிட்டாள். இவள் தடுக்கவில்லை. அடிபட்டவளுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அன்றிலிருந்து இவளிடம் யாருடைய பருப்பும் வேகவில்லை. அவசரக்காரப் பிட்சரைக் கையாலேயே நிறுத்தினாள். இழுத்தடிக்கிற பேட்டரை அழைத்து, பத்து விநாடிக்குள் கட்டத்துக்கு வராவிட்டால், பந்தே வீசாமல் ஒரு ஸ்ட்ரைக் கொடுத்தாள்; மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் பேட்டர் அவுட். இரண்டு பக்கத்துக்கும் அவளைக் கண்டால் ஆகாது.

"கண்ணாடிக் கடையிலதானே இருக்கா, நல்லதா ஒண்ணு எடுத்து மாட்டிக்கக் கூடாதா?" என்று வேலியோரத்திலிருந்து யாராவது கத்துவார்கள். அவள் திரும்பியே பார்க்கமாட்டாள்.

இந்த வருட இறுதி ஆட்டம் அச்சக அணிக்கும் மருத்துவமனை அணிக்கும். அச்சக அணிக்காக ஆடியது அவளுடைய நாத்தனார். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. காலையில் குளியலறைக்கு யார் முதலில் போவது என்று மூண்ட சண்டையில் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "இந்த ஆட்டம் எனக்கு வேண்டாம் சார்" என்று லீக் செயலாளரிடம் முன்னாடியே சொல்லிப் பார்த்தாள்.

"வேற அம்பயருக்கு நான் எங்கம்மா போவேன்?" என்று அவர் கைவிரித்துவிட்டார்.

கடைசி இன்னிங்ஸ். அச்சக அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. மூன்றாவது பேஸில் ஓட ஒருத்தி தயார். ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்; மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்துவிடும். நாத்தனாருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது; இன்னொன்று விழுந்தால் கதை முடிந்தது. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு அவள் கட்டத்தைவிட்டு வெளியே போய்க் கையுறையை அவிழ்த்து மாட்டினாள். பிட்சரைக் கடுப்பேற்றத்தான். மருத்துவமனை அணியின் பிட்சர் ஒரு நர்ஸ். அவளுக்கும் மூக்குக்கு மேல் கோபம். பேட்டர் தலை நிமிருமுன் வீசிவிடப் பார்த்தாள். கைகாட்டியின் கை உயர்ந்தது.

"உங்க வீட்டு ஆளுன்னா மட்டும் நேரம் நீளுமா?" என்றாள் நர்ஸ்.

வேலியோரம் சிரித்தது. கைகாட்டிக்குக் காதெல்லாம் சுட்டது. "பேட்டர், உள்ள வாங்க" என்றாள்.

நாத்தனார் மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில், "இருங்க அண்ணி, என்ன அவசரம்?" என்றாள். ஆறு மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'அண்ணி' அதுதான்.

கைகாட்டி மனதுக்குள் எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. நாத்தனார் கையுறையின் பட்டையை இழுத்துக்கொண்டே வெளியே நின்றாள்.

"ஸ்ட்ரைக் மூணு. அவுட்."

அச்சக அணியின் பயிற்சியாளர் தண்ணீர் பாட்டிலைக் காலடியில் எறிந்தார். "குடும்பச் சண்டையைக் கிரவுண்டுக்குக் கொண்டு வந்துட்டியே, நல்லா இருப்பியா?" என்றார். ஜெயித்த நர்ஸும் கைகொடுக்காமல் போனாள். நாத்தனார் மட்டையைத் தரையில் இழுத்தபடி, முகத்தைப் பார்க்காமல் கடந்து போனாள்.

வீட்டில் கணவன் வாசற்கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தான். "ஒரு விநாடி விட்டுக்கொடுத்தா குடியா முழுகிடும்?"

"கொடுத்தேன். பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அந்த ஒண்ணு உங்க தங்கச்சிக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வேறு எவளுக்கும் அதைக் கொடுத்திருக்கமாட்டாள். நர்ஸ் கேட்டது பொய்யில்லை. அன்று வாங்கிய திட்டுகள் எதுவும் அந்த அளவுக்குக் குத்தவில்லை.

கணவன் அதைத் தங்கையிடம் சமாதானமாகச் சொல்லப் போனான். "பிச்சை போட்டாளாமா எனக்கு?" என்ற குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. மறுவாரமே நாத்தனார் தன் அறைக்குள் தனி அடுப்பு வைத்துக்கொண்டாள்.

அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுக்கப் போனபோது கைகாட்டி செயலாளரிடம் எழுதியே நீட்டினாள்: அச்சக அணி ஆடும் ஆட்டங்களில் நிற்கமாட்டேன். அவர் படித்துவிட்டு, "அப்ப அவங்க ஆட்டத்துக்கு யாரு?" என்றார்.

"அது உங்க பாடு சார்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.